கடைக்காரப் பாட்டனாரைத் தேடி

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவு அறிக்கை வாசிக்கப்பட்டு முடிந்த கையோடு பேச அழைக்கப்பட்டிருக்கிறேன். கணக்கைக் கேட்டுச் செவிகள் பழகியிருக்கும் இந்த வேளை என் பொருளுக்கும் ஏற்றதே. நானும் கணக்கைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கடைக்காரரின் கணக்கைப் பற்றி.

நம் தந்தையின் பெயர் நமக்குத் தெரியும். பாட்டனாரின் பெயரும் தெரியும். பேரனுக்கு அப்பெயரையே வைத்திருப்போம். முப்பாட்டனார் யார் என்று கேட்டால், “இதே ஊரில் கடை வைத்திருந்தார்” என்பதோடு பெரும்பாலான வீடுகளில் பேச்சு நின்றுவிடும். என்ன கடை, எந்தத் தெருவில், யாரிடம் சரக்கு வாங்கினார், யாரை மணந்தார், எத்தனை மக்கள், பஞ்சத்தின்போது என்ன செய்தார் என்ற கேள்விகளுக்கு விடை இராது.

இதில் ஒரு வியப்பு உண்டு. நம் ஊர் எழுத்துக்குப் பஞ்சமில்லாத ஊர். கோவில் சுவர்களில் விளக்கெரிக்க நெய்யும் பொன்னும் கொடுத்தவர்களின் பெயர்கள் ஆயிரம் ஆண்டுகளாக நிற்கின்றன. உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று, உலகளந்த பெருமாள் கோவிலின் பொருளைப் பேணும் பொறுப்பு இவ்வூர் நெசவாளர் சேரிகளிடம் இருந்ததைச் சேரிகளின் பெயரோடு கூறுகிறது. அது பத்தாம் நூற்றாண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே ஊரில் நூலும் சரிகையும் மளிகையும் விற்ற ஒரு மனிதரோ நம் கைக்கு அகப்படாமல் நழுவுகிறார்.

காரணம் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் 1841 முதல் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கில் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தவர் பெயரும் தொழிலும் எழுதி வைக்கப்பட்டுள்ளன. அங்குள்ள ஒருவர் தம் மளிகைக்கடைப் பாட்டனைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை பட்டியலில் சந்திக்கலாம். நம் நாட்டிலும் 1871 தொடங்கிக் கணக்கெடுத்தார்கள். ஆனால் வீடுவீடாக நிரப்பிய தாள்களைப் பாதுகாக்கவில்லை. எண்ணிக்கை அச்சில் தங்கியது, பெயர்கள் போயின. பிறப்பு இறப்புப் பதிவுக்கான சென்னை மாகாணச் சட்டம் 1899 இல்தான் வந்தது. காஞ்சிபுரம் நகராட்சி 1866 இல் ஏற்பட்டது. அதற்கு முன் பிறந்தவருக்கு நகராட்சியில் தடம் தேடுவது வீண்.

அப்படியானால் சாதாரண மனிதர் எப்போது எழுத்தில் ஏறினார்? கடல் கடந்து சென்றவர்களைப் பார்த்தால் இது விளங்கும். 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டு, நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அதில் தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, ஊர், உயரம், உடலிலுள்ள அடையாளம் என்று பட்டியல் உண்டு. இன்றும் அவர்களின் கொள்ளுப் பேரர்கள் அதைக் கொண்டு தமிழ்நாட்டில் தம் ஊரைத் தேடி வருகிறார்கள். அதே காலத்தில் சொந்தப் பணத்தில் சீட்டெடுத்துச் சென்று கடை வைத்த வணிகர்களுக்கு இத்தகைய பட்டியல் கிடையாது. பிறருக்குக் கடமைப்பட்டவனை ஏடு விடாமல் எழுதிக்கொண்டது; தன் காலில் நின்றவனை அது பொருட்படுத்தவில்லை.

கடைக்காரர் எழுத்தில் அகப்படுவது மூன்று இடங்களில்: கடன், வழக்கு, தருமம். இவை மூன்றும் இல்லாமல் நிம்மதியாக வாழ்ந்து மறைந்தவரைக் கண்டுபிடிப்பது அரிது. அத்தகையவர் ஒருவர் நம் ஊரில் இருந்திருப்பாரா என்பது வேறு கேள்வி.

வழக்குக்கு நம் பக்கத்து எடுத்துக்காட்டு பச்சையப்ப முதலியார். அவர் கடைக்காரர் அல்லர். துபாஷியாகப் பெரும்பொருள் ஈட்டியவர். 1794 இல் இறக்கும் தறுவாயில் உயில் எழுதினார். பணம் உரிய வழியில் போகவில்லை. விஷயம் சென்னை உச்சநீதிமன்றத்திற்குச் சென்று பல்லாண்டு இழுத்தது. அந்தப் பணத்திலிருந்துதான் 1842 இல் சென்னையில் பச்சையப்பன் பள்ளி எழுந்தது. பின்னர் நம் காஞ்சியிலும் எழுந்தது. வழக்கு நடந்திராவிட்டால் அவரது கொடுக்கல் வாங்கல் இத்தனை விரிவாக யாருக்குத் தெரிந்திருக்கும்!

கடையின் பெயராலேயே நின்றவரும் உண்டு. இலங்கையின் காலி நகரில் 1860 இல் இரத்தினக் கடை தொடங்கியவர் ஓ.எல்.எம். மாக்கான் மாக்கார். நீராவிக் கப்பல்கள் அப்போது காலித் துறையில்தான் நின்று சென்றன. கரையிறங்கும் பயணிகள் கல் வாங்கினார்கள். பின்னர் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டிக் கப்பல்கள் அங்கே திரும்பின. வாணிகமும் கொழும்புக்கு நகர்ந்தது. அவருடைய மகன் சேர் முகம்மது மாக்கான் மாக்கார் 1931 இல் அரசாங்க சபையின் அமைச்சரானார். பலகையில் நிறுவனரின் பெயரும் ஆண்டும் இருந்தன. குடும்பத்தார் அதை விடாமல் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் சென்று தம் முன்னோர் வரலாற்றை நூலாகவே எழுதிவிட்டனர். நம் ஊர்க் கடைகளில் பலகை வைக்கும் வழக்கமே அக்காலத்தில் எத்தனை பேருக்கு இருந்தது? ஆகவே நாம் தொடங்க வேண்டிய இடம் வீட்டுப் பரண்.

பரணில் இருக்கும் தகரப் பெட்டியில் பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது கடன் பத்திரக் கட்டு. “இது எதற்கு, காலாவதியான கடன்” என்று பலர் அதை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். சற்றுப் பொறுக்க வேண்டும். கடன் தீர்ந்தால் பத்திரத்தைத் தீர்ந்ததென எழுதியோ கிழித்தோ வாங்கியவரிடமே திருப்பிக் கொடுப்பது வழக்கம். ஆகவே கடன் கொடுத்த கடைக்காரரின் வீட்டில் முழுதாக மிஞ்சியிருக்கும் பத்திரம் திரும்பி வராத கடன். பாட்டனார் நமக்கு விட்டுச்சென்ற கட்டு, அவருக்கு வராமற்போன பணத்தின் பட்டியல்.

இன்னும் கூர்ந்து நோக்கலாம். பதிவு செய்யாத கடன் பத்திரத்தின் மீது மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் காலவரையறைச் சட்டம். அதனால் மூன்றாண்டு முடியுமுன் புதுப்பத்திரம் எழுதி வாங்குவார்கள். அல்லது பின்புறத்தில் சிறுதொகை வரவு வைத்துக் கையொப்பம் வாங்குவார்கள். ஒரே பெயரில் மூன்று மூன்று ஆண்டு இடைவெளியில் நான்கு பத்திரம் இருந்தால், அந்தக் கடனாளியோடு பன்னிரண்டு ஆண்டு உறவு இருந்தது என்று பொருள். நீதிமன்றத்தில் தாக்கலான பத்திரத்தில் சான்றாவணக் குறியும் முத்திரையும் இருக்கும். அந்தக் குறி இல்லாமல், புதுப்பிக்கவும் படாமல், கெடு தாண்டிய பத்திரமாயின், பாட்டனார் வழக்குக்குப் போகவில்லை. இரக்கத்தால் விட்டாரா, செலவுக்கு அஞ்சி விட்டாரா, கடனாளி ஊரைவிட்டே போய்விட்டாரா என்பதைத் தாள் சொல்லாது. நாமும் இரக்கம் என்றே முடிவு கட்டிவிடக் கூடாது.

முத்திரைத்தாளின் முன்பக்கத்தைப் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். பின்புறத்தில் முத்திரைத்தாள் விற்றவர் எழுதிய வரிசை எண்ணும் நாளும் வாங்கியவர் பெயரும் ஊரும் இருக்கும். உள்ளே எழுதிய தேதி மங்கிப்போனாலும் அந்த ஒரு வரி காப்பாற்றும்.

அடுத்தது கடைக்கணக்கு. நாள்தோறும் எழுதும் சிட்டை, ஆள்வாரியாகப் பற்றும் வரவும் ஏறும் பேரேடு, ஆண்டு முடிவில் போடும் ஐந்தொகை என மூன்று அடுக்கு. இவற்றில் பேரேடு கிடைத்தால் அதிர்ஷ்டம்; ஒரு தெருவே அதில் குடியிருக்கும். ஆனால் இன்றைய பட்டதாரிப் பிள்ளைகளுக்கு அதைப் படிக்க முடியாமல் போவதற்குக் காரணம் மொழியல்ல, எண். 1876 என்பது ௲௮௱௭௰௬ என்று எழுதப்பட்டிருக்கும். பின்னங்கள் அரை, கால், அரைக்கால், வீசம் என்று இறங்கி முந்திரி வரை போகும். வீசம் பதினாறில் ஒன்று. முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. எடையோ நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு, இருபது மணங்கு ஒரு பாரம். ஒரு வீசை ஏறத்தாழ 1.4 கிலோ. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை. அதற்கும் முந்தைய ஏடாயின் வராகனும் பணமும் காசும் வரும். 1818 இல் ரூபாய் நிலையான நாணயமானபோது ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்கிட்டார்கள். கணக்கப்பிள்ளை உருதுவில் எழுதியிருக்கலாம், தமிழில் எழுதியிருக்கலாம், அரபு எழுத்தில் தமிழை எழுதியிருக்கலாம். நம் வீட்டுப் பெரியவர்களில் இவற்றைப் படிக்கவல்லவர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே ஏட்டை அவர்கள் முன் விரிக்க வேண்டும்.

தேதியில்தான் பலர் வழுக்குவது. ஒரே மாதம் நான்கு உடை உடுத்து வரும். தாது வருடம் ஐப்பசி என்று ஒரு கடன் பத்திரம் சொல்லும். ஹிஜ்ரி 1293 ஷவ்வால் என்று நிக்காஹ் பதிவேடு சொல்லும். பசலி 1286 என்று வரிச் சீட்டு சொல்லும். மூன்றும் 1876 ஆம் ஆண்டின் அதே காலத்தைக் குறிப்பவை. பசலியோடு 590 கூட்டினால், ஜூலையில் தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். தமிழ் வருடப் பெயரில் ஓர் ஆபத்து உண்டு. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அது திரும்பி வரும். தாது என்றால் 1816 ஆகலாம், 1876 ஆகலாம், 1936 ஆகலாம். வராகனில் கணக்கிருந்தால் முதலாவது. விக்டோரியா அரசியின் முத்திரைத்தாளாயின் இரண்டாவது. சரக்கும் காலம் சொல்லும். சாயவேர் மட்டும் விற்ற கடையில் சீமைச்சாயம் நுழைந்தால் அந்த ஏடு பெரும்பாலும் 1870 க்குப் பிந்தியது. ஆலைகளில் செயற்கைச் சிவப்புச் சாயம் செய்யத் தொடங்கியது 1869 ஐ ஒட்டித்தான். அரக்கோணத்திலிருந்து காஞ்சிக்கு இருப்புப்பாதை 1865 இல் வந்தது. ரயில் கூலி எழுதிய ஏடு அதற்குப் பிந்தியது. காலணா அஞ்சலட்டை 1879 இல் வந்தது. பெங்களூரிலிருந்தோ சூரத்திலிருந்தோ சரக்கு அனுப்பியவர் எழுதிய அட்டை ஒன்று கிடைத்துவிட்டால், அஞ்சல் முத்திரையே நாளையும் ஊரையும் சொல்லிவிடும்.

பெயரைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை வரும். 1850 இல் கடை வாங்கியவரும் 1905 இல் அதை விற்றவரும் ஒரே ஆள் என்று எண்ணி, தொண்ணூறு வயது வரை வியாபாரம் செய்த பாட்டனாரை நாமே படைத்துவிடக் கூடும். தந்தை பெயரோடு சேர்த்தே எவரையும் அடையாளம் கொள்ள வேண்டும். முகைதீன் என்ற ஒரு பெயரை ஆங்கில எழுத்தர்கள் நான்கைந்து விதமாக எழுதினார்கள். சாயபு, ராவுத்தர், லெப்பை, மரைக்காயர் என்ற ஒட்டுகளும் எழுதுபவர் விருப்பப்படி மாறும்.

வீட்டுத் தாள்கள் தீர்ந்த இடத்தில் பதிவு அலுவலகம் தொடங்குகிறது. பத்திரப் பதிவுக்கான 1864 ஆம் ஆண்டுச் சட்டம் 1865 தொடக்கத்திலிருந்து நடப்புக்கு வந்தது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்துக் கிரயத்தைக் கட்டாயம் பதிய வேண்டும். அதற்குக் கீழ்ப்பட்ட சிறு கிரயங்கள் பதிவாகாமலே போயிருக்கலாம். நம் பாட்டனாரின் பத்திரம் கரையானுக்கு இரையாகியிருந்தாலும் கவலை வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரின் பத்திரத்தைக் கேளுங்கள். அதன் சக்குபந்தியில், “இன்னார் சாயபு கடைக்குக் கிழக்கு, ராஜ வீதிக்கு வடக்கு” என்று நம்மவர் எல்லையாக நின்றுகொண்டிருப்பார். நெசவுத் தெருவில் வாழும் நம் அண்டை வீட்டார் பலரின் பத்திரங்களில் நம் முன்னோர் இவ்வாறு இருக்கிறார்கள்; நம் பத்திரங்களில் அவர்களுடைய முன்னோர் இருக்கிறார்கள். ஒருவர் காகிதம் இல்லாமல் மற்றவர் வரலாறு நிரம்பாது.

அரசுக்கும் கடைக்காரர் ஒரு வகையில் தெரிந்தவரே. தறிக்கும் கடைக்கும் கைத்தொழிலுக்கும் ‘மோதர்பா’ என்ற வரி இருந்தது. 1852 இல் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முன்னின்று அமைத்த சென்னை சுதேசி சங்கம் இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய முறையீட்டில் இவ்வரியைக் கண்டித்தது. 1860 ஐ ஒட்டி வருமான வரி வந்தபோது இது ஒழிந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தின் வருவாய்த்துறைப் பழம்பதிவுகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அங்கே போகுமுன் வீட்டில் தேட வேண்டியதைத் தேடி, ஆண்டையும் தெருவையும் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். வெறுங்கையோடு போனவர் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

இனி நான் அதிகம் பேச விரும்பும் ஒன்றுக்கு வருகிறேன். தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

குடும்ப வரலாறு எழுதும் அன்பர்கள் வரையும் மரத்தில் ஆண்களே கிளையாக இருக்கிறார்கள். ஆனால் நம்மவர் பாகப்பிரிவினைப் பத்திரங்களில் பெண்கள் மறைவதில்லை. ஷரீஅத்தின்படி மனைவிக்கும் மகளுக்கும் தாய்க்கும் பங்கு உண்டாதலால் அவர்கள் பெயரை எழுதியே ஆக வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிற வீடுகளின் பாகப்பிரிவினைகளில் மகள்களைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்; நம்முடையவற்றில் இருப்பார்கள். அது மட்டுமா? பின்னமே ஒரு குடும்பப் படம். ஒரு கிழிந்த பத்திரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மகள் ஒருத்தியின் பங்கு மட்டும் எஞ்சியிருக்கிறது. “பதினாறு வீசத்தில் ஒன்றேமுக்கால் வீசம்” என்கிறது. இறந்தவரின் பெற்றோர் முன்பே காலமாகி, மனைவியும் மக்களும் மட்டும் இருந்தார்கள் என்று கொண்டு கணக்கிடுங்கள். மக்கள் இருக்கையில் மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது இரண்டு வீசம். மீதி பதினான்கு வீசம். மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு ஒன்றேமுக்கால் வீசம் என்றால் பதினான்கில் எட்டுப் பங்கு. மூன்று மகன், இரண்டு மகள் இருந்திருக்கலாம். இரண்டு மகன், நான்கு மகள் இருந்திருக்கலாம். ஒரு மகன், ஆறு மகள் இருந்திருக்கவும் கூடும். காணாமற்போன பக்கத்தில் யார் யார் இருந்திருக்க முடியும் என்பதை ஒரு பின்னம் வரம்பிட்டுத் தருகிறது. நிக்காஹ் பதிவேட்டைப் பார்த்தால் இவற்றுள் எது என்பதும் தெளிந்துவிடலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மகள்களின் பங்கை உடன்பிறந்தார் சிறுதொகை கொடுத்து எழுதி வாங்கிக்கொண்ட விடுதலைப் பத்திரங்களும் அதே பெட்டியில் இருக்கும். கடை முழுவதும் ஒரு மகன் கைக்கு எப்படி வந்தது என்பதற்கு விடை பல வீடுகளில் அந்த விடுதலைப் பத்திரமே. கைநாட்டு வைத்த அந்தப் பெண்ணின் பெயரை அதிலிருந்தாவது எடுத்து மரத்தில் எழுதுங்கள்.

நிக்காஹ் பதிவேடு என்றேன். அரசே காஜிகளை நியமிக்கும் முறையை 1864 ஆம் ஆண்டுச் சட்டம் கைவிட்டது. முஸ்லிம்களின் கோரிக்கையால், சர் சையத் அகமது கான் முயற்சியில், 1880 ஆம் ஆண்டுக் காஜிகள் சட்டம் வந்தது. அதுவும் கட்டாயப் பதிவை ஏற்படுத்தவில்லை. ஆகவே மணமக்களின் தந்தையர் பெயர், வக்கீல், சாட்சிகள், மஹர் தொகை ஆகியவற்றுக்கு அக்காலத்தில் பள்ளிவாசலிலும் காஜியிடமும் இருந்த பதிவேடுதான் பெரும்பாலும் ஒரே இடம். மஹர் வராகனிலிருந்து ரூபாய்க்கு மாறுவதையும், சாட்சிகளாக எந்தெந்தக் கடைக்காரர்கள் வந்து நின்றார்கள் என்பதையும் அதில் காணலாம். சாட்சி நின்றவரே பின்னர் கூட்டாளியாக வருவார், சம்பந்தியாகவும் வருவார்.

தருமம் என்ற மூன்றாவது தடம் பல நேரங்களில் மற்ற இரண்டையும் விட நீண்டு நிலைக்கிறது. பரங்கிப்பேட்டையிலிருந்து பினாங்கு சென்ற காதர் முகைதீன் மரைக்காயர் அங்கே சோழியர் சமூகத்தின் தலைவராகி ‘கப்பித்தான் கெலிங்’ எனப்பட்டார். 1801 இல் பள்ளிவாசலுக்கு நிலம் பெற்றார். 1834 இல் காலமானார். அவருடைய உயிலும் வக்ஃபும் இருந்தமையால் அவர் குடும்பத்தையும் உடைமையையும் இன்றும் ஆராய முடிகிறது. அங்கும் வக்ஃபுகள் சீர்கெட்டு, 1905 இல் அரசு ஒரு வாரியம் அமைக்க நேர்ந்தது. சீர்கேட்டின் விசாரணையும் ஆவணம் ஆயிற்று.

நம் கடைக்காரப் பாட்டனார் அவ்வளவு பெரியவர் அல்லர். விளக்கெண்ணெய்க்கு ஒரு கடையின் வாடகை, நோன்புக் கஞ்சிக்கு ஒரு துண்டு நிலம் என்று எழுதி வைத்திருப்பார். தம் சந்ததியின் பராமரிப்புக்கும் சேர்த்து வக்ஃபு எழுதியிருந்தால் ஒரு சிக்கல் நேர்ந்திருக்கும். 1894 இல் பிரிவி கவுன்சில் அத்தகைய குடும்ப வக்ஃபைச் செல்லாது என்றது. ஜின்னா முன்மொழிந்த 1913 ஆம் ஆண்டுச் சட்டம் அதை மீண்டும் செல்லத்தக்கதாக்கியது. இடைப்பட்ட இருபது ஆண்டில் பிரிந்துபோன சொத்துகளுக்கு அந்தத் தீர்ப்பு காரணமா என்று பார்க்க வேண்டும். இன்றைக்கு இது வெறும் வரலாறும் அல்ல. 2025 ஆம் ஆண்டு வக்ஃபு திருத்தச் சட்டம், நெடுங்காலப் பயன்பாட்டை மட்டும் கொண்டு ஓர் இடத்தை வக்ஃபு எனக் கொள்ளும் முறையை இனிவரும் காலத்துக்கு நீக்கிவிட்டது. முன்பே பதிவானவை தகராறோ அரசு நில உரிமைக் கோரிக்கையோ இல்லாதவரை தொடரும். “எங்கள் பாட்டனார் கொடுத்தது, ஊருக்கே தெரியும்” என்ற சொல்லுக்கு முன்பிருந்த வலிமை குறைந்துவிட்டது. அந்தப் பாட்டனார் எழுதிய தாள் உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கக் கூடும்.

கடைசியாக, எடுத்தால் மனம் நோகும் ஒரு தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். செங்கற்பட்டு மாவட்டமும் அதில் சிக்கியது. மாண்டவர்கள் இலட்சக்கணக்கில். உண்ண வழியற்றவன் துணி வாங்க மாட்டான். துணி விற்காவிட்டால் தறி நிற்கும். கையில் நெல்லோ பணமோ வைத்திருந்தவன் கடைக்காரன். உங்கள் வீட்டுக் கிரயப் பத்திரத்தில் தாது என்றோ, அடுத்த ஈசுவர வருடம் என்றோ இருந்தால், விற்றவர் பெயரையும் விலையையும் நின்று படியுங்கள். ஒரு நெசவாளரின் வீடு, முன்பு வாங்கிய கடனுக்கு நேராக, கையில் சில ரூபாய் மட்டும் கொடுத்து வாங்கப்பட்டிருக்கலாம். அசலோடு வட்டியும் கூட்டப்பட்டிருக்கலாம். வட்டி ஹராம் என்பதை அறியாத பாட்டனார் நமக்கு இல்லை. இரத்தமும் சதையுமான மனிதர்கள் அவர்கள். பேரேட்டில் வட்டி என்ற சொல்லைத் தவிர்த்து வேறு பெயரில் ஏற்றிய கணக்குகளும் கண்ணில் படும். அதே பேரேட்டில் அதே ஆண்டு, பத்துப் பெயருக்குப் பற்று எழுதி வரவே எழுதாத பக்கங்களும் இருக்கலாம். இரண்டும் ஒரே கையெழுத்தில் இருக்கும்.

அந்தப் பத்திரத்தைக் கிழித்துவிட்டுப் பேரேட்டின் மற்றப் பக்கத்தை மட்டும் சட்டமிட்டு மாட்டும் உரிமை நமக்கு இல்லை என்பது என் கருத்து. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை இங்குள்ள உலமாக்கள் அறிவார்கள். விற்றவரின் சந்ததியார் இன்றும் இரண்டு தெரு தள்ளி இருக்கக் கூடும். அவர்கள் வந்து தம் பாட்டனார் வீட்டைப் பற்றிக் கேட்டால், காட்டுவதற்கு அந்தத் தாள் நம்மிடம் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டிய வேலையைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். பழந்தாளுக்கு ஒட்டுநாடா போடாதீர்கள், பிளாஸ்டிக்கில் வேகவைத்து ஒட்டாதீர்கள். இரண்டும் சில ஆண்டுகளில் எழுத்தைத் தின்றுவிடும். கட்டை அவிழ்க்குமுன் எந்தத் தாளுக்கு மேல் எந்தத் தாள் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சேர்ந்து கட்டப்பட்டவை பெரும்பாலும் ஒரே விவகாரத்தைச் சேர்ந்தவை. இரு பக்கமும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுக் கிராமங்களின் 1870 முதல் 1940 வரையான பஞ்சாயத்துத் தீர்ப்புத் தாள்களை வீடு வீடாகச் சென்று படமெடுத்துவிட்டு, மூலத்தை வீட்டாரிடமே விட்டுவந்தார்கள். நாமும் அவ்வாறே செய்யலாம். தாள் உரியவர் வீட்டிலேயே இருக்கட்டும், படி மட்டும் பள்ளிவாசலில் இருக்கட்டும்.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். நம் பழைய நிக்காஹ் பதிவேடுகளைப் படியெடுக்கும் பணியை இவ்வாண்டே தொடங்க வேண்டும். உருது படிக்கத் தெரிந்த ஒருவர், பழைய தமிழ் எண் தெரிந்த ஒருவர், கணினியில் ஏற்ற ஓர் இளைஞர், ஆக மூவர் போதும். பழைய தமிழ் எண்ணை வாசித்துக் காட்ட நான் ஒவ்வொரு ஞாயிறும் அஸருக்குப் பின் வருகிறேன். முதலில் எடுக்க வேண்டியது மிகப் பழைய ஏடு. அதன் முதல் சில தாள்களின் ஓரம் இப்போதே பொடிந்துகொண்டிருக்கிறது.